பின்னறைக்குப் போகாத சூடு

எனக்கு நெருப்பைத் தெரியும். வேறு எது தெரியாது என்று சொன்னாலும் பொறுப்பேன், நெருப்புத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் பொறுக்க மாட்டேன். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். ஆனால் ஈர விறகை எப்படி அடுக்கினால் பற்றும், எந்தக் கட்டை புகையும், எது வெடிக்கும், எந்த நேரம் அடுப்பின் கதவைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு, பாரிசில், லா சப்பலில், இரண்டே அறையுள்ள ஒரு வீட்டைச் சூடாக்க முடியாமல் போயிற்று.

கடைத்தெருவில் இருந்து ஒரு பெரிய மரக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் கல் பதித்த முற்றம். முற்றத்தின் கடைசியில் நிலத்தோடு இருக்கிறது எங்கள் வீடு. எங்களுக்கு முன்னர் அது ஒரு தச்சரின் பட்டறையாம். அவர் விட்டுப்போன இரும்பு அடுப்பு முன்னறையில் அப்படியே நின்றது. இங்கே அதைப் புவால் என்பார்கள். நான் அடுப்பு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அதன் மேல் தண்ணீர் கொதிக்க வைத்தேன், கஞ்சி வைத்தேன், கருவாடும் சுட்டேன். முன்னறையைத் தாண்டினால் பின்னறை. ஒன்றின் பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி. பின்னறைச் சுவரில் வருடம் முழுக்க வெயில் படாது. கையை வைத்தால் சுவர் வியர்த்திருப்பது தெரியும்.

நன்றாக இருந்த காலத்தில் அது ஒரு பெரிய குறையாகத் தெரியவில்லை. முன்னறையில் இருப்போம், பின்னறையில் போர்த்துக்கொண்டு படுப்போம். என் கணவர் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். நான் இன்னொரு ரெஸ்ரோறன்ரின் குசினியில் சமையலுக்கு நின்றேன். பெயர் சொல்லி நான் அவரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் அவர் என்றே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரில் சண்டை முடிந்தது. அதுவரை காலையும் மாலையும் வானொலியைக் காதோடு ஒட்டி வைத்திருந்த மனிதர், அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தார். தூசி படிந்தது. நானும் துடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் அவருக்கு மூச்சு குறையத் தொடங்கியது. சுருட்டும் காரணம், கழுவுகிற இடத்து ஆவியும் காரணம் என்றார் டொக்டர். மூச்சோடு சேர்ந்து ஞாபகமும் கழன்றது. முதலில் போனது பிரெஞ்சு. அத்தனை வருடம் முதலாளியோடு பேசிய பாஷை, ஒரு மழைக்காலத்தில் கழுவித் துடைத்த மாதிரிப் போய்விட்டது.

பிறகு ஒக்சிசன் வந்தது. பின்னறையில் கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய போத்தல், அதில் இருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். கொண்டுவந்தவன் சுவரில் நெருப்புப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஒக்சிசன் இருக்கிற அறையில் நெருப்பு இருக்கக் கூடாது. விளக்குக் கூடாது, ஊதுபத்தி கூடாது, கற்பூரம் கூடவே கூடாது. பின்னறையில் இருந்த சாமிப்படங்களை எடுத்து, இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள கதவுக்கு மேலே, முன்னறைப் பக்கமாக வரிசையாக மாட்டினேன். அங்கே ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. பழைய வீடுகளில் கதவுக்கு மேல் அப்படி ஒன்று இருக்கும். அதை மறைத்துத்தான் மாட்டினேன்.

ஆகவே நெருப்பு ஒரு அறையில், அவர் மற்ற அறையில். கட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டால் முடிந்தது என்று கேட்கிறவர்கள் கேட்பார்கள். போத்தல் இருக்கும்வரை அது முடியாது. போத்தல் இல்லாமல் அவர் இருக்க முடியாது.

காலையில் ஒரு நேர்ஸ் வருவாள். புதுச்சேரிப் பிள்ளை. அவளுடைய தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இல்லை, ஆனாலும் தமிழ். அவரைத் துடைத்து, விரலில் ஒரு கவ்வியைப் போட்டுப் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியையும் பார்ப்பாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் தலையளவு உயரத்தில் அது தொங்கியது.

"பதிமூணு டிகிரி அம்மா. பா பொசிப்ள், இது சரிப்படாது. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கீங்க, சரி. அவரு உள்ள இழுக்கிறாரே காத்து, அதுக்கு எந்த ஸ்வெட்டர் போடுவீங்க?"

"முன்னறை நெருப்பாக் கொதிக்குது பிள்ளை."

"முன்னறைல அவரு இல்லையே."

சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறகு எடுக்கப் போனேன். அவள் பின்னாலேயே வந்து சொன்னாள்.

"பதினெட்டு டிகிரியாவது வேணும் அம்மா. இல்லன்னா நான் டாக்டருக்கு எழுதியாகணும். எழுதினா இவரை வீட்ல வைக்க விட மாட்டாங்க. மேசோனுக்கு அனுப்பிடுவாங்க."

மேசோன் என்று அவள் சொன்னது முதியோர் இல்லம். அங்கே அவருடைய பாஷை தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். சோறு என்று கேட்டால் சோறு என்று விளங்க ஆள் இருக்காது. வலிக்கிறது என்று சொன்னால் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்கள். மகனின் வீட்டுக்குப் போகலாமே என்றால், அவன் லெ பிளாங்-மெனிலில் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மனைவி பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு இருக்கிறான். கட்டிலை எங்கே போடுவது? போத்தலை யார் தூக்குவது? எனவே அவர் என்னோடு இருப்பதா இல்லையா என்பது அந்தப் பின்னறையின் சூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

எலெக்ரிக் ஹீற்றர் போட்டுப் பார்த்தோம். போட்டதும் 'டக்' என்று முழு வீடும் இருண்டது. சோற்றுக் குக்கரை நிறுத்திவிட்டுப் போட்டாலும் இருண்டது. வயர் பழசு. வீட்டுக்காரன் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துச் சொன்னான்.

நான் விறகைக் கூட்டினேன். வான் வண்டியில் வந்து விறகு போடுகிறவனிடம் ஓக் கட்டையாகப் பார்த்து வாங்கினேன். பற்றவைக்க முற்றத்து முன்வாசலில் காய்கறிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி மாம்பழப்பெட்டிகளை உடைத்துத் தருவான். அடுப்பின் வயிறு சிவந்தது. முன்னறையில் நின்றால் கண் எரியும், பிளவுஸ் முதுகோடு ஒட்டும். நான்கு அடி தள்ளிக் கதவைத் தாண்டினால் மூச்சு வெள்ளையாகத் தெரியும். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு தேசம். சூடு என்பது தண்ணீர் மாதிரிப் பாயும் என்று நினைத்திருந்தேன். அது பாயவில்லை, முன்னறை முகட்டிலேயே போய்க் குந்திக்கொண்டது.

அப்போதுதான் மகன் ஒரு பெட்டியோடு வந்தான்.

"அம்மா, அடுப்புக்குப் பின்னாலை இரட்டைத் தகடு இருக்கு, பாத்தியளோ? நடுவிலை வெறும் இடம். இந்த ஃபான் அதுக்குள்ளை காத்தை ஊதும். காத்து சூடாகி மேலாலை வரும். கதவுப் பக்கம் திருப்பி விட்டால் நேரை அப்பாட்டைப் போகும்."

"நெருப்புக்கு ஊத எனக்கு ஒரு குழல் காணும்."

"இது நெருப்புக்கு ஊதுறதில்லையணை. சூட்டுக்கு ஊதுறது."

"சூட்டுக்கு ஆரும் ஊதுவினமே? ஆறிப்போகும்."

"உங்களோடை கதைச்சு வெல்ல ஏலாது," என்று சொல்லிவிட்டுத் தரையில் படுத்து ஆணி முடுக்கினான். அவர் அப்போது நித்திரை. மகன் சுவிச்சைப் போட்டான். உர்ர் என்று ஒரு சத்தம். நான் கதவடியில் கையை நீட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, மாட்டின் மூச்சு மாதிரி இளஞ்சூடாகக் காற்று என் கையைத் தாண்டி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கட்டில் கம்பியின் குளிர் விட்டது. வெப்பமானியில் சிவப்புக் கோடு ஏறுவதைக் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் நான் எழும்பவே இல்லை. நாளைக்கு இதைப் பார்க்கும்போது அந்தப் புதுச்சேரிப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும், அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பு இன்னும் சூடேறியதும் பழைய தகடு அதிரத் தொடங்கியது. உர்ர் என்றது மாறி, டக டக டக என்று அடித்தது. அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, முகட்டைப் பார்த்தார்.

"இஞ்சாரும்."

"என்னப்பா?"

"கேக்குதோ?"

"என்னது?"

"கெலி."

ஹெலிகொப்டரை எங்கள் ஊரில் கெலி என்போம். முதலில் தூரத்தில் ஒரு முனகல் கேட்கும். பிறகு டக டக என்று பக்கத்தில் வரும். வந்தால் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும். எங்கள் வளவில் அவரே வெட்டி, பனங்குற்றி அடுக்கி மூடிய குழி ஒன்று இருந்தது.

"கெலி இல்லையப்பா. உங்கடை மோன் வாங்கித் தந்த ஃபான்."

"அவனுக்கு ஆர் கெலி குடுத்தது?"

மகன் சிரித்துவிட்டான். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"அப்பா, சண்டை முடிஞ்சு கனகாலம்."

"ஆர் சொன்னது? றேடியோவோ?"

"ஓமப்பா."

"றேடியோவை நம்பினவை எத்தினை பேர் செத்தவை தெரியுமே? அம்மாவைக் குழிக்குள்ளை இறக்கு. நெருப்பை நூருங்கோ, புகை மேலாலை தெரியும்!"

நெருப்பை அணைக்கச் சொல்லிக்கொண்டே மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். காலைக் கட்டில் கம்பிக்கு மேலால் போட்டார். எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய மனிதருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. மகன் ஓடிப்போய்ச் சுவிச்சை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. கெலி போய்விட்டதா என்று அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"போட்டுது," என்றார். பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, "தேத்தண்ணி வையும்."

தேத்தண்ணி ஆறுவதற்குள் அறையும் ஆறிவிட்டது.

எல்லா வித்தையும் செய்து பார்த்தோம். ஃபானுக்கு அடியில் றப்பர் வைத்தோம். பழைய கம்பளியைச் சுற்றி வைத்தோம், அது கருகி மணத்தது. மெல்லச் சுற்ற விட்டால் சூடு போகவில்லை, வேகமாகச் சுற்ற விட்டால் கெலி வந்தது. அது மிளகாய் அரைக்கிற மில் என்று சொல்லிப் பார்த்தேன். "மில்லுக்கு மேலை ஏன் பறக்குது?" என்று கேட்டார். காதில் பஞ்சு வைத்தேன். "மூக்கிலை வைக்கிற பஞ்சை அவசரத்திலை காதிலை வைக்கிறீரோ?" என்றார். செத்தவர்களுக்குத்தான் மூக்கில் பஞ்சு வைப்பார்கள். ஞாபகம் போன மனிதர், ஆனால் நக்கல் போகவில்லை. அந்த நேரம் எனக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்துக்கொண்டே முன்னறைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். அடுப்புக்கு முன்னால் அழுவதில் ஒரு வசதி, கண்ணீர் உடனே காய்ந்துவிடும்.

காய்கறிக்கடைத் தம்பி ஒரு நாள் பெட்டிப்பலகை தரும்போது சொன்னான்.

"அன்ரி, கரண்ட் இல்லாமல் சுத்திற ஃபான் ஒண்டு இருக்கு. அடுப்புக்கு மேலை வைக்கிறது. சூட்டிலையே சுத்தும். சத்தம் எண்டால் மருந்துக்கும் இல்லை."

"நீ பாத்தனியோ, ஆரும் சொன்னவையோ?"

"ஓல்னேயிலை என்ரை மச்சான் வீட்டிலை நிக்குது. சும்மா நிண்டு சுத்தும், வேலை இல்லாதவன் மாதிரி."

மகன் அதையும் வாங்கி வந்தான். கறுப்பாக, நாலு இதழோடு, பூ மாதிரி. அடுப்பின் மேல் வைத்து நெருப்பு மூட்டினால் முதலில் சும்மா நிற்கும். இரும்பு சூடேற ஏற, ஒரு இதழ் அசையும், பிறகு மெல்லச் சுற்றத் தொடங்கும். மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவருக்கு அதைப் பிடித்துவிட்டது. கதவைத் திறந்து வைத்தால் கட்டிலில் இருந்தபடியே பார்ப்பார்.

"நல்ல பிள்ளை. சண்டை சச்சரவு இல்லை," என்பார்.

நல்ல பிள்ளைதான். ஆனால் பலமில்லாத பிள்ளை. முன்னறைச் சூட்டை முன்னறைக்குள்ளேயே கலக்கியது. கதவைத் தாண்டும்போது அதற்குக் களைத்துவிடும். நேர்ஸ் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தாள். பதினான்கு.

"சூடு மேலதாம்மா நிக்குது," என்று அண்ணாந்து பார்த்தவள், கதவுக்கு மேலே கையை நீட்டினாள். "அங்க என்ன? சன்னலா? சாமிப் படத்தை வச்சு அடைச்சிட்டீங்களே."

அன்றே முருகனையும் பிள்ளையாரையும் அம்மனையும் இறக்கினேன். வேறு சுவரில் ஆணி ஏறவில்லை, எல்லாம் கல். துணியில் சுற்றி, அலுமாரிக்கு மேல், வானொலிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெயின்ற் ஒட்டிப் பூட்டிக்கிடந்த அந்தச் சன்னலை மகன் கத்தியால் கீறித் திறந்தான். பதினைந்து வந்தது. கொஞ்சம் நல்ல நாளில் பதினாறு. இன்னும் ஒரு கை கொடுத்தால் ஏறிவிடுவேன் என்று சொல்கிற மாதிரி அந்தக் கோடு நின்றது. கை கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

பிறகு கடும் குளிர் வந்தது. முற்றத்துக் குழாய் உறைந்து வெடித்தது. சிவப்புக் கோடு மறுபடியும் இறங்கியது. நேர்ஸ் அவருடைய விரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். போகும்போது வாசலில் நின்றாள்.

"இந்த வாரம் பாக்குறேன் அம்மா. அதுக்கு மேல எனக்கே பயமா இருக்கு."

நான் யோசித்தேன். அவள் வருவது காலையில் ஒரு தரம். அவள் பார்க்கிற நேரத்தில் பதினெட்டு நிற்க வேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக ஊதுகிற ஃபானைப் போட்டால் போதும். அவருக்கு அது கெலி இல்லை என்று விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. விளங்கப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

காலை விடியும்போது அடுப்பை மூட்டுவேன். பின்னறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கம்பளியை விரிப்பேன். கட்டிலின் உயரத்தைப் பதித்து, அவரை மெல்ல எழுப்புவேன்.

"கெலி வரப்போகுதாம். வாங்கோ, இறங்குவம்."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரத் தம்பி."

"அவன் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அவரை இறக்கிச் சுவரோடு இருத்திவிட்டு, மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மகன் பின்னறைவரை இழுத்து வைத்த வயரின் சுவிச்சை மற்றக் கையால் போடுவேன். டக டக டக. நான் பயப்படாமல் நின்றால் அவர் துடிப்பார். நானும் குனிந்து இருந்தால் அடங்குவார். அதைக் கண்டுபிடித்த பிறகு நானும் குனிந்தேன். அவர் என் தலையைத் தன் பக்கம் இழுத்து, தன் உள்ளங்கையை என் தலைக்கு மேல் கவிழ்த்து வைப்பார். கோப்பை கழுவிக் கழுவித் தடித்த கை. நாலு பேருக்கு முன்னால் என் விரலைக்கூடத் தொடாத மனிதர்.

"அசையாதையும். இப்ப போயிடும்."

சூடு கதவின் மேல்பக்கத்தால் வந்து எங்கள் தலைக்கு மேலால் போகும். அது எனக்குத் தெரியும், அது முகட்டோடுதான் போகும். நாங்கள் இரண்டு பேரும் கீழே, ஈரக் கல் நிலத்தில், ஒரு கம்பளிக்கு மேல் இருந்தோம். அண்ணாந்து பார்த்தால் சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருக்கும். பதினாறு. பதினேழு. அவருடைய கை என் தலையை இன்னும் கீழே அழுத்தும்.

நேர்ஸ் வருகிற நேரம் நெருங்கியதும் நிறுத்துவேன்.

"போட்டுது," என்பார். "தேத்தண்ணி வையும்."

அவரைக் கட்டிலில் ஏற்றிப் போர்த்துவிட்டுத் தேத்தண்ணி வைப்பேன். அந்தத் தேத்தண்ணியை அவர் ருசித்துக் குடிப்பார். உயிர் தப்பிய ஆள் குடிக்கிற மாதிரி.

"பதினெட்டு!" என்றாள் நேர்ஸ் முதல் நாள். "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுதுல்ல." பிறகு அவர் கையைப் பிடித்தவள், "ரூம் சூடா இருக்கு. இவரு கை மட்டும் ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றாள்.

"அவரின்ரை ரத்தம் அப்பிடி," என்றேன்.

இதை யாராவது பிழை என்று சொன்னால் நான் கேட்கத் தயாரில்லை. அவர்கள் என் இடத்தில் நின்று பார்க்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் பயந்தார், உண்மை. ஆனால் பயந்தபோது என்னோடு பயந்தார். மேசோனில் யாரோடு பயப்படுவது?

ஒரு நாள் ரயில்காரர்களின் வேலைநிறுத்தம். அடுத்த ரயில் வருமோ வராதோ என்று நேர்ஸ் கிடைத்த முதல் ரயிலிலேயே ஏறி வந்துவிட்டாள். முற்றத்துக் கதவைக் கடைத்தம்பி திறந்துவிட்டிருக்கிறான். வீட்டுத் திறப்புச் சாவி அவளிடம் ஒன்று எப்போதும் இருக்கும். ஃபான் சத்தத்தில் அவள் வந்தது எனக்குக் கேட்கவில்லை. குனிந்து மூடியிருந்த கண்ணைத் திறந்தபோது கதவடியில் அவளுடைய சப்பாத்துத் தெரிந்தது.

அவரும் நிமிர்ந்து அவளைக் கண்டார்.

"பிள்ளை, குனி! குனி! ஏன் நிமிந்து நிக்கிறாய்?"

எட்டி அவளுடைய கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் குனிந்தாள். ஏன் குனிந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குனிந்து, எங்கள் பக்கத்தில் நிலத்தில் கையை ஊன்றி, அவருடைய முகத்தைப் பார்த்தாள். முகட்டைப் பார்த்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவருடைய மூக்கில் இருந்து குழாய் எப்போதோ நழுவியிருந்தது. நானும் கவனிக்கவில்லை. அவருடைய உதடு நீலமாக இருந்தது.

அவள் எழும்பிப் போய் ஃபானை நிறுத்தினாள்.

"போட்டுது," என்றார் அவர். ஆனால் தேத்தண்ணி கேட்க அவருக்கு மூச்சு வரவில்லை.

நேர்ஸ் குழாயை மாட்டினாள். விரலில் கவ்வியைப் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள். பிரெஞ்சில் வேகமாகப் பேசினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"எத்தனை நாளா அம்மா இது?"

"நீங்கள் பதினெட்டுக் கேட்டியள் பிள்ளை."

அவள் வெப்பமானியைப் பார்த்தாள். பதினெட்டுத்தான் காட்டியது. அவளுடைய வாய் கோணியது.

"நான் எழுதியாகணும் அம்மா."

"எழுதுங்கோ," என்றேன். கையெடுத்துக் கும்பிடவில்லை. கும்பிட்டிருந்தால் எழுதாமல் விட்டிருப்பாளா என்று சில நேரம் யோசிப்பேன். விட்டிருக்க மாட்டாள். நல்ல பிள்ளை அவள்.

ஒப்பித்தால் என்கிற பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. திரான்சிக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்ப்பேன். வாசலில் நுழைந்தவுடன் சால்வையைக் கழற்ற வேண்டும், அவ்வளவு சூடு. அவருடைய அறையில் சன்னலுக்குக் கீழே சூடு தருகிற ஒரு வெள்ளை இரும்பு. சத்தம் இல்லை, புகை இல்லை, நெருப்பு எங்கே எரிகிறது என்றே தெரியாது. அதற்குப் பக்கத்தில் ஒக்சிசன் போத்தல் பயமில்லாமல் நின்றது. மெல்லிய சட்டை ஒன்றோடு அவரைக் கதிரையில் இருத்தியிருப்பார்கள். கை சூடாக இருக்கும். நான் அத்தனை விறகு எரித்தும் வராத சூடு அந்தக் கையில் சும்மா இருந்தது.

அவர் அங்கே பேசுவதைக் குறைத்துவிட்டார். பேச ஆள் இல்லாத இடத்தில் பேச்சு எதற்கு? என்னையும் சில நாள் அடையாளம் தெரியும், சில நாள் தெரியாது. ஒரு நாள் மட்டும், நான் போகிறதற்கு எழும்பிச் சால்வையைப் போர்த்தும்போது, கையைப் பிடித்தார்.

"இஞ்சை கெலி வாறேல்லை, என்ன?"

"இல்லையப்பா. இஞ்சை வராது."

பிடித்த கையை விடவில்லை.

"அப்ப ஏன் நீர் அங்கை இருக்கிறீர்?"

என்னை இங்கே வைத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னால் விளங்காது. "நெருப்பைப் பாக்க ஆள் வேணுமப்பா," என்றேன். "நெருப்பை நூத்துப்போட்டு வாரும்," என்றார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு போன நாட்களில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மரங்கள் துளிர்க்கிற காலத்தில், சூடே தேவைப்படாத காலத்தில், அவர் போனார். போனபோது நான் பக்கத்தில் இல்லை. பஸ்ஸில் இருந்தேன்.

மகன் தன்னோடு வரச் சொன்னான். போகவில்லை. இப்போதும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். குளிர் வந்தால் முன்னறையில் அடுப்பை மூட்டி அங்கேயே படுக்கிறேன். கட்டிலையும் போத்தலையும் வந்து எடுத்துப்போய்விட்டார்கள். சாமிப்படங்களைப் பின்னறைக்குத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லை. வானொலிக்குப் பக்கத்தில் துணியோடுதான் இருக்கின்றன. காய்கறிக்கடைத் தம்பி ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அன்ரி, பின்னறை சும்மாதானே கிடக்கு. முருங்கைக்காய்ப் பெட்டி ரெண்டு வைக்கட்டோ? கடையிலை இடமில்லை."

"வை," என்றேன்.

இப்போது அங்கே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வல்லாரையும் இருக்கின்றன. அந்தக் குளிரில் வாடாமல் இருக்கின்றன. இந்த அறைக்கு முன்னால் பிறிட்ச் கெட்டது என்று தம்பி சொல்லுவான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கறுப்புப் பூ ஃபான் அடுப்பின் மேல் நிற்கிறது. நெருப்பு மூட்டினால் சுற்றுகிறது. ஊதுகிற ஃபானை மகன் கழற்றிக் கொண்டுபோக வந்தான், யாரோ கேட்டார்களாம். கொடுக்கவில்லை. "நீங்கள் போடுறதுமில்லை, தாறதுமில்லை," என்று கோபித்தான்.

போடுவதில்லைதான். டக டக என்ற அந்தச் சத்தம் எனக்கும் பயம். அவருக்கு இருந்த அதே பயம், அதே குழியில் இருந்து வந்த பயம். அவர் என் தலையில் கையை வைத்து அசையாதையும் என்று சொன்ன காலைகளில், நான் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு நாள், தனியாக, அடுப்பை மூட்டிவிட்டுப் பின்னறையில் நின்று சுவிச்சைப் போட்டுப் பார்த்தேன். டக டக என்றதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். கையை நீட்டி நிறுத்தக்கூட என்னால் முடியவில்லை. விறகு எரிந்து முடிந்து, தகடு ஆறி, சத்தம் தானாகக் குறையும்வரை பின்னறைச் சுவரோடு, முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பிறகு எழும்பி நிறுத்தினேன். போட்டுது என்று சொல்ல ஆள் இல்லை. தேத்தண்ணியும் வைக்கவில்லை.